யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்

அந்த ஜன்னலுக்குச் சின்னவள் ஏற்கெனவே திரைச்சீலை தைத்துவிட்டாள்.

வீடு இன்னும் கைக்கு வரவில்லை. போன வாரம் முன்பணம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கே அவள் கணவன் தன் மோட்டார் சைக்கிளை விற்றான். இவள் தன் சேமிப்பை வழித்துத் துடைத்து எடுத்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, குனிந்தால் தலை இடிக்காத ஒரு குளியலறை. கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் அதற்குமேல் அளவில்லாத வானமும். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பனி பெய்யும் ஏதோ ஒரு தூர தேசத்தைக்கூடப் பார்த்துவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படியெல்லாம் தோன்றும்.

வீட்டை விற்கிற பெரியவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் பேச்சில் கறார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்க்ல லோன் ஓகே ஆகணும். ஆகலன்னா வீடு வேற ஆளுக்கு, முன்பணம் எனக்கு. அப்புறம் அழக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

இன்று புதன்கிழமை.

வங்கியில் கடன் பிரிவுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகள் ஒரே கம்பியில் கோத்தவை. ஒருவர் காலை ஆட்டினால் எல்லாரும் ஆட வேண்டும். ஆட்டிக்கொண்டிருந்தவன் அவள் கணவன் நெட்டையன். ஆள் உயரம் அப்படி. லிஃப்ட் மெக்கானிக். அவனைப் பார்த்தால் லிஃப்டே வேண்டாம், கையை நீட்டினால் அடுத்த மாடி என்று அவள் கிண்டல் செய்வாள்.

"காலை ஆட்டாத. பக்கத்துல இருக்கறவர் முறைக்கிறார்."

"டென்ஷன்டி, பல்லு டாக்டரம்மா."

அவள் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பல்செட் செய்து தருகிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் பல் வரிசையை நட்டு, ஈறு செதுக்கி, மேல் தாடையும் கீழ் தாடையும் சண்டை போடாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வாடிக்கையாளர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. வாய் மட்டும் தெரியும்.

"கடைசியா ஒருதரம் சொல்லு. நிலையான வட்டியா, மாறும் வட்டியா?" என்றான் நெட்டையன். இரண்டு மாதமாக இதே பாடம்தான் நடக்கிறது.

"நீதான் சொல்லணும். நீதான் வீடியோ பாத்துப் பாத்து பேங்க் மேனேஜர் ஆயிட்டியே."

"நிலையான வட்டி கல்யாணம் மாதிரி. ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாத் தெரியும், ஆனா என்ன வரப் போகுதுன்னு தெரியும். மாறும் வட்டி காதல் மாதிரி. முதல்ல இனிக்கும். அப்புறம் எப்போ எகிறும்னு அதுக்கே தெரியாது."

"அப்போ நாம ரெண்டு பேரும் எதுல இருக்கோம்?"

"நாம அடமானத்துல இருக்கோம்."

அவள் சிரித்தாள். அந்த நாளில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடினார். நெட்டையன் தன் தலையைத் தொட்டுக் காட்டியதும் எடுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"மேடம், வேற கடன் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. இல்ல."

"இருக்கே."

"என்ன இருக்கு?"

"வீட்டுக் கடன். எங்க பேங்க்லயேதான், வேற கிளையில. மூணு வருஷமா உங்க பேர்ல ஓடுது." அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார். "முதல் பேர் உங்க அப்பாவோடது. ரெண்டாவது நீங்க."

சின்னவள் திரையைப் பார்த்தாள். அவள் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லாமல் அவள் பெயர்.

"அப்பா லோன் முடிஞ்சு போச்சே. அவர் ரிட்டையர் ஆனப்பவே..."

"முடியல. பாதிக்கு மேல பாக்கி இருக்கு." அதிகாரிக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பழக்கம் இருந்தது, குரலைத் தாழ்த்தினார். "அது மாறும் வட்டிக் கடன். நடுவுல வட்டி ஏறிச்சு. ஏறினா ஒண்ணு மாசத் தவணையை ஏத்தணும், இல்லன்னா வருஷத்தை நீட்டணும். பெரும்பாலும் வருஷத்தைத்தான் நீட்டுவாங்க. கட்டற தொகை மாறலன்னா ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முடியுதுன்னு நெனச்சுக்கிட்டே கட்டிட்டிருப்பாங்க. உங்க அப்பா ரிட்டையர் ஆகற நேரத்துல அது இன்னும் பல வருஷம் போற மாதிரி நின்னிருக்கு. சம்பளம் இல்லாத வயசுக்கு பேங்க் அவ்வளவு தூரம் நீட்டாது. தவணையை ஏகத்துக்கும் ஏத்தறீங்களா, இல்ல சம்பாதிக்கற ஆள் ஒருத்தரைக் கூடச் சேர்க்கறீங்களான்னு கேட்டிருப்பாங்க. உங்களைச் சேர்த்திருக்காரு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஜாமீனா?" என்றான் நெட்டையன்.

"ஜாமீன் இல்ல சார். ஜாமீன்காரர் வெளியே நிக்கற ஆள். இவங்க இணைக் கடன்தாரர். உள்ளே இருக்கற ஆள். அந்தக் கடன் முழுசா அவருது, முழுசா இவங்களோடதும்கூட."

"அப்போ அந்த வீட்டுல இவளுக்குப் பாதி சொந்தமா?"

"பத்திரத்துல பேர் இருந்தாத்தான் சொந்தம். பத்திரம் அப்பா பேர்ல மட்டும்தான் இருக்கு." அதிகாரி கண்ணாடியை மறுபடி தலைமேல் ஏற்றினார். "கடன் உண்டு, வீடு இல்ல."

சின்னவள் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்த ஒரு சின்னத் தாடை மாதிரி இருந்தது அது.

அதிகாரி மேலும் சொன்னார். அந்தத் தவணையைக் கழித்துவிட்டுத்தான் இவளுடைய சம்பளத்துக்கு எவ்வளவு தரலாம் என்று வங்கி கணக்குப் போடும். போட்டால் மிஞ்சுவது ஒரு சமையலறைக்கு. போதாததற்கு, போன வருஷம் சில தவணைகள் தாமதம். அதுவும் இவள் தலையில்தான் எழுதியிருக்கிறது. வேறு வங்கிக்குப் போனாலும் இதே விவரம் அங்கேயும் தெரியும். நெட்டையன் தனியாக விண்ணப்பித்தால் கொடுப்பார்கள், ஆனால் இந்த வீட்டுக்குப் பத்தாது.

"வேற வழியே இல்லையா மேடம்?"

"இருக்கு. அந்தக் கடன்ல இருந்து உங்க பேரை எடுக்கணும். சும்மா எடுக்க மாட்டாங்க. உங்க எடத்துல சம்பளம் வாங்கற இன்னொருத்தர் வரணும். இல்ல, பாக்கியில பெரிய தொகையா ஒண்ணு கட்டணும். உங்க வீட்ல வேற யாராவது சம்பாதிக்கறாங்களா?"

"அண்ணன் இருக்கான்."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல சம்மதம் குடுத்து விண்ணப்பம் போடச் சொல்லுங்க. நான் இங்க உங்க ஃபைலைத் திருப்பி அனுப்பாம வச்சிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

வெளியே வந்ததும் நெட்டையனுக்கு போன் வந்தது. எங்கேயோ ஒரு லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் நின்றான்.

"உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல... கையெழுத்து உன்னோடதுதானே."

"என்னோடதுதான்."

"சரி விடு." அவன் அவள் தோளில் கை வைத்தான். வைத்த கை கொஞ்சம் யோசித்து வைத்த மாதிரி இருந்தது. "உங்க அப்பாவ நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லேன். வாய்விட்டுச் சொல்லு."

"சொன்னா நீ என்னை அடிப்ப" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. பல் கூடத்துக்கு அப்பா வங்கி ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் அவருக்குப் பிரிவுபசார விழா. குடிநீர் வாரியத்தில் பம்ப் ஹவுஸ் மேற்பார்வையாளர்; ஆயுள் முழுக்க ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றியவர். மாலையோடு மைக் பிடித்து, "இன்னியோட வேலையும் முடிஞ்சது, வீட்டுக் கடனும் முடிஞ்சது. இனிமே நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சின்னவள் விசில்கூட அடித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் இந்தக் கையெழுத்து. "லோனை முடிக்கற வேலைம்மா. குடும்பத்துல ஒருத்தர் போடணுமாம்." அவள் கையெல்லாம் பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் பொடி. துணியில் துடைத்துவிட்டு அப்பா விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டாள். போட்ட பக்கமெல்லாம் வெள்ளையாக விரல் தடம்.

படித்தாளா? படிக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு கொடுத்தால் அவள் அப்பா மார்க்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். "என் பொண்ணு கார்டை நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார். வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஓர் அப்பா இல்லை. கணக்கில் கோட்டை விட்ட மாதம்கூட அவர் பார்க்கவில்லை. வெட்கத்தில் அடுத்த மாதம் அவளே விழுந்து விழுந்து படித்தாள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பாசம். வேறு வீடுகளில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். இங்கே இது.

பஸ் குலுங்கியது. கல்யாணமாகி அவள் அந்த வீட்டை விட்டுப் போனாள். அவள் பெயர் மட்டும் போகவில்லை. யாருக்கும் தெரியாமல் அங்கேயே தங்கி, மாடிப்படிக்கு அடியில் எங்கேயோ சுருண்டு படுத்து, விடிந்தால் எழுந்து அந்த வீட்டுக்காக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெயர் ஒரு மெலிந்த பெண்ணாக, அவள் சாயலில், அப்பா வீட்டு வாசலில் நின்று தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்பதாக அவளுக்குத் தோன்றியது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்ப நடந்தாள்.

அப்பா வாசல் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வேலைக்குப் போகல?"

"பேங்குக்குப் போயிட்டு வர்றேன்."

"லோன் கிடைச்சுதா?"

"எனக்கு ஏற்கெனவே கிடைச்சிருக்காம்பா. மூணு வருஷத்துக்கு முன்னாடியே."

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். அவசரமில்லாமல் குழாயைப் பூட்டினார். எழுந்து உள்ளே போய், சாப்பாட்டு மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, பல்செட்டைக் கழற்றி அதில் போட்டார்.

அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பேச்சு முடிந்தது. பல் இல்லாத மனிதரிடம் யார் சண்டை போட முடியும்? உதடு உள்ளே மடிந்து, முகம் பாதியாகி, ஒரு நொடியில் பத்து வயது கூடிவிடும். எதிரில் இருப்பவருக்கே பாவமாகிவிடும்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கழட்டிட்டாரா? போச்சு. சாயங்காலம் வரைக்கும் ஊமைதான். என்னடி ஆச்சு?"

சின்னவள் சொன்னாள். அம்மா அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கையிலிருந்த துணியால் சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"எனக்கு என்னடி தெரியும். பேங்க் விஷயமெல்லாம் எங்கிட்ட யாரு சொல்றா. முதல்ல பெரியவனைத்தான் கேட்டாரு, அது தெரியும். அவன் ரெண்டு நாள் வாங்கி வச்சுப் படிச்சான். அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை ஆச்சு. அப்புறம் இவரு உங்கிட்ட வந்துட்டாரு."

"அண்ணன் படிச்சானா?"

"படிச்சான். அவன் எதையும் படிக்காம விட மாட்டானே. மருந்துச் சீட்டைக்கூட."

"அவன் வேண்டாம்னது எனக்கா?"

"கத்தாதடி. மேல இருக்கான்."

மேலே இருந்தவன் இறங்கி வந்தான். டைல்ஸ் ஷோரூமில் விற்பனை மேலாளர். மாடியில் குடித்தனம். புதன்கிழமை அவனுக்கு விடுமுறை. கடையில் வாடிக்கையாளருக்குத் தளத்தைக் காட்டுகிற பழக்கத்தில் எங்கே நின்றாலும் ஒரு கால் கொஞ்சம் முன்னால் இருக்கும்.

"பல்லு வந்திருக்கா" என்றான். சின்ன வயதிலிருந்தே, அவள் இந்த வேலைக்குப் போவதற்கு முன்பிருந்தே, முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருந்ததால் வந்த பெயர் அது. "என்ன, பேங்க்ல சொல்லிட்டாங்களா?"

"என் எடத்துக்கு நீ வாண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லன்னா எனக்கு வீடு போச்சு, முன்பணமும் போச்சு."

"நான் வந்தா எனக்கு நாளைக்கு ஒரு லோன் கிடைக்காது."

"அதேதான் எனக்கு இன்னிக்கு நடந்திருக்கு."

"தெரியும். அதனாலதான் நான் அன்னிக்குப் போடல."

சொல்லிவிட்டானே தவிர, அவன் முகம் சுளித்தது. அவனும் கல் இல்லை.

"நீ பேரை வச்சுக்கோ. மாசத் தவணையை நான் கட்டறேன். ஒருநாள்கூடத் தாமதம் ஆகாது."

"யார் கட்டறாங்கன்னு பேங்க் பாக்காது. யார் பேர் இருக்குன்னுதான் பாக்கும். இதெல்லாம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. உனக்கு மூணு வருஷமாத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அப்பாவ விட்டுட்டு என் பேச்சைக் கேட்டிருப்பியா?" அவன் குரல் ஏறியது. "இங்க ஒரு கதை நடக்குது பாரு. நீ நல்ல பொண்ணு, படிக்காம போடுவ. நான் படிச்சேன், அதனால கெட்டவன். உன் ரேங்க் கார்டை அவர் பாக்காம போட்டாரு. என்னோடதை? வரி வரியாப் படிச்சாரு. ஒரு மார்க் குறைஞ்சதுக்கு ஏன்னு கேட்டாரு. யாரு எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தா? அவருதான்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடி ஒழுகினப்போ யார் கட்டினா? அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியில யார் படுத்துக் கெடந்தா? நீ ஞாயித்துக்கிழமை வந்து சிரிச்சுட்டுப் போவ. நான் இங்கயே இருக்கேன். எனக்கு ஒரு பிடிப்பு வேணாமா? அன்னிக்கே சொன்னேன், நான் கடன்ல வர்றேன், ஆனா வீட்டை என் பேருக்கு எழுதி வைங்க, தங்கச்சி சம்மதம்னு கையெழுத்துப் போடட்டும், நாளைக்குப் பங்குன்னு யாரும் வந்து நிக்கக்கூடாதுன்னு. தப்பா?"

சின்னவளுக்கு இது புதிது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் புதிதுதான் போலிருக்கிறது. துணி மேஜைமேல் நின்றுவிட்டது.

"அதுக்கு அப்பா என்ன சொன்னார்?"

"அவர் எங்க சொன்னாரு. பல்லைக் கழட்டிட்டாரு."

சின்னவள் மேஜை அருகே போனாள். டம்ளரைக் கையில் எடுத்தாள். அவளே செய்த பல்செட். அப்பா வாய்க்கு என்று பல் கூடத்து ஓனரம்மாவிடம் கெஞ்சி நல்ல பற்களாக வாங்கி, முன்வரிசையில் ஒன்றை லேசாகத் திருப்பி வைத்து, அவருடைய பழைய சிரிப்பு மாறாமல் செய்தது. இதே பற்களுக்குப் பின்னாலிருந்துதான் "லோனை முடிக்கற வேலைம்மா" என்ற சொல் வந்தது. ஒரு பல்கூட ஆடாமல் வந்தது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள்.

தண்ணீரிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். கடைவாய்ப் பற்கள் இடது பக்கம் வழவழவென்று தேய்ந்து போயிருந்தன. மூன்று வருஷத்தில் இப்படித் தேயாது. சாப்பிடுவதால் தேய்வது வேறு மாதிரி இருக்கும். இது மென்று தேய்ந்ததில்லை. வெறும் வாயைக் கடித்துக் கடித்துத் தேய்ந்தது. ராத்திரி கழற்றாமல், தூங்காமல், இருட்டில் பல்லை நெரித்துக்கொண்டு கிடக்கிறவர்களின் பல்செட்டுகள் அவளிடம் பழுதுக்கு வந்திருக்கின்றன. அவர்கள் யார், அவர்களுக்கு என்ன கவலை என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

பரிதாபம் வந்தது. வந்த பரிதாபத்தின்மேல் கோபமும் வந்தது. இதற்கும் நான்தான் பாவப்பட வேண்டுமா?

"மாட்டுங்கப்பா" என்று நீட்டினாள்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மாட்டுங்க. நான் செஞ்சது. நான் சொல்றேன், மாட்டுங்க."

அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. அப்பா வாங்கினார். திரும்பி உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். அவருக்கு வயது குறைந்தது, ஆனால் முகத்தின் வாட்டம் குறையவில்லை.

"உன் பங்கை எழுதிக் குடுன்னு உங்கிட்டக் கேக்க எனக்கு வாய் வரல" என்றார். "கடன்ல பேரைப் போடுன்னு கேக்கறது சுலபமா இருந்துச்சு. பென்ஷன்ல கட்டி முடிச்சிடலாம், நீ தெரிஞ்சுக்கறதுக்குள்ள பேரை எடுத்துடலாம்னு இருந்தேன். எல்லாரு முன்னாடியும் மைக்ல சொல்லிட்டேனே. முடிஞ்சதுன்னு சொல்லிட்டேன். அதை எப்படித் திருப்பி எடுக்கறது?"

"எங்கிட்ட மட்டும் திருப்பி எடுத்திருக்கலாமே."

"நீதான் விசில் அடிச்ச."

வாசலில் புதிதாக வாஷர் போட்ட குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் சரியாகப் பூட்டவில்லை.

பெரியவன் மாடிக்குப் போய்த் திரும்பினான். கையில் இரண்டு தாள். "அன்னிக்கே எழுதி வச்சது. மறைச்சு ஒண்ணும் இல்ல. இதுல கையெழுத்துப் போடு, நாளைக்குக் காலையில நானும் அப்பாவும் பேங்குக்குப் போறோம். உன் பேர் வெளிய வந்துடும். உனக்கு உன் வீடு, எனக்கு இந்த வீடு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவன் சொன்ன கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கசந்தது. மூன்று வருஷம் இந்த வீட்டின் கடனை அவள் பெயர் சுமந்தது. இப்போது அந்தச் சுமையை இறக்கி வைக்க, வீட்டில் இருந்த இடத்தையும் சேர்த்து இறக்கி வைக்க வேண்டும். பங்கு வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்டிருந்தால்.

போன் அதிர்ந்தது. நெட்டையன்.

"லிஃப்ட்ல இருந்தவங்களை எடுத்தாச்சு. அங்க என்ன ஆச்சு? கப்பல்காரர் போன் பண்ணாரு. நாளைக்கு வேற ஒரு பார்ட்டி வீட்டைப் பாக்க வருதாம். வெள்ளி வரைக்கும் பேச்சு மாற மாட்டேன், ஆனா பாக்கறவங்களைத் தடுக்க மாட்டேங்கறாரு."

"சரி."

"ஏய், காலையில நான் ஒண்ணு கேட்டேன்ல. அத மனசுல வச்சுக்காத."

"சரி" என்று வைத்துவிட்டாள். மனதில்தான் இருந்தது.

பெரியவன் பேனாவின் மூடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தான். ஏன் நேராக இவளிடம் கொடுக்கவில்லை என்று அவனுக்கே தெரியாது. அப்பா தாளை இவள் பக்கம் நகர்த்தினார். பழக்கத்தில் அவருடைய ஆள்காட்டி விரல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது. விரலை மடக்கிக்கொண்டார்.

"படிச்சுட்டுப் போடும்மா" என்றார்.

முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் அதைச் சொன்னதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவள் பேனாவை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு.

அப்பா பெயர் வந்தது. வீட்டின் நாலு எல்லையும் வந்தது. வடக்கே பொதுச்சுவர், தெற்கே சந்து. அந்தச் சந்தில்தான் அவள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அது தாளில் இல்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவன் முன்னால் வைத்திருந்த காலைப் பின்னால் எடுத்தான். படிக்கிற குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

"போதும், அதெல்லாம் வழக்கமா எழுதறதுதான்" என்றான் பெரியவன்.

"இரு. நீ படிச்சேல்ல? நானும் படிக்கறேன்."

இரண்டாவது தாளின் நடுவில் வந்தாள்.

"'மேற்படி வீட்டில் எனக்கு எந்தவித உரிமையும் பாத்தியதையும் இல்லையென்றும், இனிமேலும் கோர மாட்டேன் என்றும், நான் என் முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்...'"

அங்கே நிறுத்தினாள். தாளை மேஜையில் வைத்து அப்பா பக்கம் திருப்பினாள்.

"மத்ததெல்லாம் சரி. இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடுங்க. போடறேன்."

பெரியவன் முன்னால் வந்தான். "அதை அடிச்சா செல்லாது பல்லு. அந்த வரிதான் முக்கியம்."

"தெரியும்."

"அப்போ எப்படிப் போடுவ?"

"வீட்டைக் குடுக்கறேண்ணே. பொய் சொல்ல மாட்டேன். வற்புறுத்தல் இல்லன்னு நான் எப்படி எழுதறது? வெள்ளிக்கிழமை இருக்கு. கப்பல்காரர் இருக்காரு. என் புருஷன் இருக்கான், கையெழுத்து உன்னோடதுதானேன்னு கேக்கறான்." அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. "அப்பா, நீங்க சொல்லுங்க. இந்த வரி நெசம்னு நீங்க சொல்லுங்க. படிக்காத மாதிரி நெனச்சுட்டுப் போட்டுடறேன். பழைய மாதிரி."

அப்பாவின் தாடை அசைந்தது. இடது பக்கம் பல்லைக் கடிக்கும் மெல்லிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. அவர் கை ஒருதரம் டம்ளர் பக்கம் போனது.

அம்மா முந்திக்கொண்டாள். டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

அப்பா பேனாவை இறுகப் பிடித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, மகள் நிறுத்திய வரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பேனா முனை அந்த வரியின் முதல் எழுத்துக்கு மேலே நின்றது. மை இன்னும் தாளைத் தொடவில்லை.

"அப்பா, யோசிச்சு..." என்றான் பெரியவன்.